பதினாலாம் வருஷத்துக் கட்டு

மூன்று வாரச் சண்டைக்குப் பிறகு மெக்கானிக் "சரி" என்று சொன்ன இடத்தில் அவரையும் அவர் மனைவியையும் விட்டுவிட்டு வந்தோம். அந்தச் "சரி" எதற்கு என்று மறந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் பாப்பா என்று கூப்பிடுகிற மகளுக்கு இந்த ஊரிலேயே வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். கைக்குழந்தையோடு அவள் வந்து தங்க வீட்டில் இருப்பது ஒரே ஓர் அறை. அந்த அறையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ஆள் என்றால் மனிதர் இல்லை, நூறு வருஷத்துக்கு முந்தைய செய்தி வார இதழ்கள். தரையில் தொடங்கிக் கூரை முட்டும் வரை கட்டுக் கட்டாக. குழந்தைக்கோ இளைப்பு. பழைய காகிதத் தூசி இருக்கிற வீட்டில் படுக்க வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அறை காலியாக வேண்டும். இல்லையென்றால் மகள் வேலையை மறக்க வேண்டும். "முழுத் தொகுப்பாக இருந்தால் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்றது நகர நூலகம். மெக்கானிக் முனகினார், சோறு வேண்டாம் என்றார், பிறகு சாப்பிட்டார், கடைசியில் "சரி" என்றார்.

இதோ சனிக்கிழமை காலை. நூலகத்து வேன் மத்தியானம் வரப்போகிறது. நாளைக்கு மகள் வருகிறாள்.

"இன்னும் எத்தனை கட்டு இறக்கணும்?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் மெக்கானிக்கின் மனைவி. தெருமுனையில் சலவைக் கடை வைத்திருப்பதால் ஊருக்கெல்லாம் அவள் கடைக்காரம்மா.

"இறக்கிட்டேதான் இருக்கேன்."

அவள் வந்து எட்டிப் பார்த்தாள். மனிதர் ஏணியின் மேல்படியில் சாவகாசமாக உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு இதழை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் பேர்தான் இறக்குறதா?"

"இந்தக் கப்பலைப் பாரேன். கடல்ல இதுக்கு நிகரே இல்லைன்னு முழுப் பக்கம் போட்டிருக்கான். பாவம், அடுத்த வாரமே..."

"அடுத்த வாரமே முழுகிடுச்சு. தெரியும். போன மாசமும் முழுகுச்சு, அதுக்கு முந்தின மாசமும் முழுகுச்சு. நீங்க கட்டைப் பிரிக்கிறப்பெல்லாம் முழுகுது. இறங்கி வாங்க."

"கடைசியா ஒரு தடவை பாத்துக்கறேனே."

"ஒவ்வொண்ணையும் கடைசியாப் பாத்து முடிக்கிறதுக்குள்ள பேத்தி பள்ளிக்கூடம் போயிடுவா."

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். பல வருஷம் முன்பு, இடிக்கப்போகிற ஒரு கட்டிடத்தின் லிஃப்டைக் கழற்றும்போது, மோட்டார் வந்த பழைய மரப்பெட்டியின் உள்ளே அடைத்திருந்த காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். படச் செய்தி வார இதழ். அன்றைக்குப் பிடித்த பித்து. பழைய கடை, பழைய வீடு, பழைய பெட்டி என்று தேடித் தேடி வாங்கி, வருஷ வாரியாக அடுக்கி, பழுப்புத் தாளில் சுற்றி, சணல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். கட்டின் மேல் வருஷத்தைத் தவிர வேறு எதுவும் எழுத மாட்டார். "என்னதான் இருக்கு இதுல?" என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான்: "இதுல இருக்கிறவங்களுக்கு அடுத்த வாரம் என்ன நடக்கும்னு தெரியாது. எனக்குத் தெரியும்."

"எனக்கு அடுத்த வாரம் வேண்டாம், இன்னிக்கு மத்தியானம் என்ன நடக்கும்னு தெரிஞ்சா போதும்" என்பாள் கடைக்காரம்மா.

அவளுக்கு எதுவும் மடிப்போடு இருக்க வேண்டும். கடையில் சட்டை என்றால் சட்டைக்கு ஒரு தட்டு, சேலை என்றால் சேலைக்கு ஒரு தட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளத் துணுக்கு. அந்தக் கண்ணால் இந்த அறையைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். கட்டைத் தொட்டால் பொடி உதிரும். ஓரம் மடங்கியிருக்கும். நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றுக்கும் ஒரு ஒழுங்கு கிடையாது.

அதனால்தான், மகளின் வேலை விஷயம் வருவதற்கும் முன்னாலேயே, ஒரு காரியம் செய்தாள். அவர் வேலைக்குப் போயிருந்த சமயம், மேல்தட்டிலிருந்து ஒரே ஒரு கட்டை எடுத்தாள். முதல் உலகப் போர் தொடங்கின வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு. அதைக் கடைத் துணியோடு துணியாகப் பையில் போட்டுக்கொண்டு போய் பைண்டரிடம் கொடுத்துவிட்டாள். தையல் போட்டு, கெட்டி அட்டை கட்டி, முதுகில் பொன் எழுத்தில் வருஷம் பதித்துக் கொண்டுவந்து நீட்டினால் மனுஷன் கண் திறக்கும், ஒரு வருஷத்தைச் சரிபண்ணிக் காட்டினால் மிச்சமெல்லாம் தானாக வழிக்கு வரும் என்பது அவள் கணக்கு. பாதி பாசம், பாதி பாடம்.

இதில் அவளுக்கு இன்னொரு ஆத்திரமும் உண்டு. கட்டு போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. மேல்தட்டில் பல் விழுந்த மாதிரி இடைவெளி. மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த இதழ்கள்தான் தன் உயிர், உயிர் என்று அவர் சொல்வதெல்லாம் வாய்ப்பேச்சு. உயிரில் ஒரு துண்டு காணாமல் போனதே தெரியவில்லை!

"கடையை ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன். நான் வரதுக்குள்ள அந்த மேல்தட்டு காலியா இருக்கணும்."

"இரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நேத்து பாப்பா..."

"பாப்பா நாளைக்கு வரா. நீங்க அங்கேயே உக்காந்திருந்தா உங்களையும் சேத்து நூலகத்துக்கு அனுப்பிடுவேன். வந்து பேசிக்கலாம்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பைண்டருக்கு அந்தத் தெருவில் "நாளைக்கு" என்று பெயர். எப்போது போய்க் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருகிற வார்த்தை அதுதான். இன்றைக்கும் அவளைப் பார்த்ததும் அந்த வார்த்தைக்காக வாயைத் திறந்தார்.

"நாளைக்குன்னு சொன்னீங்கன்னா உங்க பசை வாளியை எடுத்து உங்க தலையிலேயே கவுத்துடுவேன் அண்ணே."

"யம்மா, ரெடிம்மா! சொல்ல வந்ததே அதைத்தான்."

பலகையிலிருந்து மூன்று தொகுதிகளை எடுத்து வைத்தார். கருநீல முதுகு. பொன் எழுத்து. மூன்று ஓரமும் கத்தி போல நேராக வெட்டி, சவரம் செய்த முகம் மாதிரி வழவழவென்று. கடைக்காரம்மா விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு பொடி உதிரவில்லை. புதுச் சட்டையை இஸ்திரி போட்டு மடித்த மாதிரி இருந்தது.

"இதுக்குப் பேருதாண்ணே வேலை."

"வந்தப்ப பாத்தீங்கல்ல, ஓரமெல்லாம் நைஞ்சு போய், கிழிஞ்சு... மிஷின்ல ஒரே வெட்டு. குப்பையெல்லாம் போச்சு. உள்ள சுத்தமா செய்தி மட்டும்தான்."

பேசிக்கொண்டே கை தன் வேலையில் இருந்தது. ஏதோ ஓர் அலுவலகத்துப் பதிவேட்டின் முதுகில் பசை தடவி, அகலமான பழந்தாள் பட்டை ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார். பட்டையில் பாதி மீசையும் ஒரு சோப்புக் கட்டியும் தெரிந்தன.

"பழைய தாள் வீணாப் போகாது போல உங்ககிட்ட."

"எதுக்கும்மா வீணாக்கணும்? முதுகுக்குப் பழைய தாள்தான் நல்லா பிடிக்கும்."

"இப்படி இருக்கணும்" என்று மெச்சிக்கொண்டாள் கடைக்காரம்மா. ஒரு துணுக்கைக்கூடத் தூக்கி எறியாமல் பிரயோஜனப்படுத்துகிற மனுஷர்களை அவளுக்குப் பிடிக்கும். மூன்று தொகுதிகளையும் பையில் போட்டுக்கொண்டு, மனசு லேசாகி, பாதி வழியில் முணுமுணுவென்று ஏதோ பாடிக்கொண்டுகூட வந்தாள்.

வீட்டு வாசலில் நூலகத்து வேன் அதற்குள் நின்றுகொண்டிருந்தது.

அறைக்குள் நூலகத்து அம்மா, முகத்தில் துணிக்கவசம், கையில் மெல்லிய தூரிகை. பழைய பத்திரிகைப் பிரிவுக்குப் பொறுப்பு அவர்தான். ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, மேலும் கீழும் நாலைந்து இதழ்களை எடுத்துப் பார்த்து, மறுபடி கட்டிவைத்தார். மெக்கானிக் பக்கத்தில் பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி நின்றார்.

"பதிமூணு... நல்லா இருக்கு சார். அடுத்தது பதினஞ்சு. பதினாலு எங்கே?"

மெக்கானிக் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதினாலு இல்லைங்க."

"இல்லைன்னா?"

"இருந்துச்சு. மழையில... மேல் ஜன்னல் திறந்து கிடந்துச்சு. நனைஞ்சு கூழாப் போயிடுச்சு. என் கவனக்குறைவு. போன தடவை பேசும்போதே சொல்லியிருக்கணும், வாய் வரலை."

வாசற்படியில் பையோடு நின்ற கடைக்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மழையா? எந்த மழை? எந்த ஜன்னல்?

"என்ன உளறறீங்க?"

"நீ உள்ளே போ. நான் பேசிக்கறேன்." கண்ணால் ஜாடை வேறு.

"எதுக்குப் போகணும்? மழையும் இல்லை, மண்ணும் இல்லைங்க. பதினாலு என்கிட்டதான் இருக்கு."

மெக்கானிக் அவளைப் பார்த்த பார்வையில் ஒரு நொடி ஆச்சரியம், அடுத்த நொடி ஏதோ விடுதலை. "உன்கிட்டயா? நீ... அப்ப நீ எடைக்குப் போடலையா?"

"எடைக்கா!"

"கட்டைக் காணோம்னு மறுநாளே பாத்துட்டேன். இந்த அறையைப் பாத்தாலே உனக்கு எரிச்சல்னு தெரியும். ஏதோ கோவத்துல பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டியோன்னு நினைச்சேன். கேட்டா சண்டை வரும். சரி, போகட்டும், ஒரு வருஷம்தானேன்னு..."

"ஒரு மாசமா, நான் வித்துட்டேன்னு நினைச்சுக்கிட்டு, என் கையால சாப்பிட்டுக்கிட்டு, வாயைத் திறக்காம இருந்தீங்களா?"

"பெருசு பண்ண வேண்டாம்னு..."

"பெருசு பண்ணியிருக்கணும்! புருஷன்னா கேக்கணும்! நாக்கு எதுக்கு இருக்கு?"

நூலகத்து அம்மா ஜன்னல் வழியே தெருவைப் பார்க்க ஆரம்பித்தார்.

கடைக்காரம்மா பையிலிருந்து மூன்று தொகுதிகளையும் எடுத்து, விடுபட்ட இடத்தின் நேர் கீழே, மேசையில் டப்பென்று வைத்தாள். "பாருங்க. நான் வித்த லட்சணத்தை."

மெக்கானிக் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நூலகத்து அம்மாதான் வந்து, முதல் தொகுதியைத் திறந்து, நாலு பக்கம் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார். இரண்டாவதை எடுத்தார்.

"அட்டைங்க எங்கம்மா?"

"அதான் கெட்டி அட்டை போட்டிருக்கே."

"இல்லம்மா. ஒவ்வொரு வார இதழுக்கும் தனியா முன் அட்டை, பின் அட்டை, விளம்பரப் பக்கம் இருந்திருக்கும். ஒண்ணுகூடக் காணோமே. ஓரமும் வெட்டியிருக்காங்க. பாருங்க, இந்தப் படத்துல ஆளுக்குப் பாதிக் காது போயிடுச்சு."

"அது வெறும் விளம்பரம்தானேங்க? சோப்பு, தைலம்..."

சொல்லும்போதே வாய் நின்றது. பாதி மீசை. ஒரு சோப்புக் கட்டி. பசை.

"செய்தி எத்தனையோ இடத்துல கிடைக்கும்மா. அந்தக் காலத்துலயே எல்லாரும் கட்டும்போது அட்டையைக் கழிச்சுட்டுத்தான் கட்டினாங்க. அதனாலதான் அட்டையோட இருக்கிறது அபூர்வம். சாரோட தொகுப்பை எங்க கமிட்டி கேட்டதே அதுக்குத்தான்."

கடைக்காரம்மா போனை எடுத்து பைண்டரைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கக் குரல் அறை முழுக்கக் கேட்டது. "அந்த மேல்தாளுங்களா? இருக்கேம்மா, எங்கயும் போகலை. மத்த புத்தகங்களுக்கு முதுகுல ஒட்டிட்டேன். போன வாரம் பாதி டெலிவரி ஆயிடுச்சு. ஏம்மா, முதுகு ஏதாவது விட்டுடுச்சா?"

"விட்டுடுச்சுண்ணே. எனக்கு." போனை வைத்தாள்.

மெக்கானிக் இப்போதுதான் கையை நீட்டி ஒரு தொகுதியை எடுத்தார். வழவழப்பான ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"வித்திருந்தாகூடத் தேவலை" என்றார், சத்தமே இல்லாமல். "எங்கயாவது எவன் வீட்டுலயாவது முழுசா இருக்கும்னு ஒரு நம்பிக்கை இருந்துச்சு."

அவள் மிச்ச இரண்டு தொகுதிகளையும் அவர் கண்ணில் படாமல் பைக்குள் திரும்ப வைத்தாள்.

நூலகத்து அம்மா மெதுவாகச் சொன்னார்: "முழுத் தொகுப்புன்னுதான் ஒப்புதல் வாங்கியிருக்கேன். இப்ப ஒரு வருஷம் இப்படின்னா நானா எடுத்துட்டுப் போக முடியாது சார். மறுபடி கமிட்டில வைக்கணும். அடுத்த கூட்டம் அடுத்த மாசம். நான் எடுத்துச் சொல்றேன், ஆனா வாக்கு கொடுக்க முடியாது."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்பார்களே, அது. அதுவும் தன் கையாலேயே உடைத்த தாழி.

"சரி விடு" என்றார் மெக்கானிக். "ஒரு மாசம்தானே. நான் பாப்பாகிட்ட ஏற்கெனவே..."

"ஒரு மாசமா? திங்கட்கிழமை வேலைல சேரணும் அவ! அவ முதலாளி உங்க கமிட்டிக்காகக் காத்துக்கிட்டு இருப்பானா? பேசாம இருங்க கொஞ்சம், நான் யோசிக்கறேன்."

"அதில்லடி, நான் சொல்ல வரது..."

"எதுவும் சொல்ல வேண்டாம். இத்தனை நாள் சொல்லாதவர் இன்னிக்கு என்ன புதுசா?"

அவள் அறையின் நடுவில் நின்று, இடுப்பில் கையை வைத்து, கட்டுகளைக் கண்ணால் அளந்தாள். ஒரு சேலை மூட்டை, இரண்டு சேலை மூட்டை என்று அளப்பது போல.

"அம்மா, வேன் சும்மாதானே திரும்பிப் போகப்போகுது?"

"ஆமா..."

"தெருமுனை வரைக்கும் ஒரு நடை அடிக்கச் சொல்ல முடியுமா? என் கடை மாடில துணி உலர்த்தி வைக்கிற அறை இருக்கு. ஈரம் எட்டிப் பாக்காது."

மெக்கானிக் நிமிர்ந்தார். "உன் கடையிலயா? இந்தத் தூசியையா? வெள்ளைச் சட்டை தொங்குற இடத்துல?"

"துவைக்கத் தெரியும் எனக்கு."

"அட்டை போனதுக்காக நீ இப்படியெல்லாம்..."

"தூக்குங்க முதல்ல! பேச்சு பேச்சுன்னு. தூக்குங்க!"

கோட்டுக்கு மாட்டுகிற நீள பாலிதீன் உறைகளைக் கடையிலிருந்து வரவழைத்து ஒவ்வொரு கட்டையும் அதற்குள் போட்டாள். வழக்கம் போல அடையாளத் துணுக்கைக் குத்தப் போனபோது மெக்கானிக் பதறினார்.

"குண்டூசி வேண்டாம்! குத்தாதே!"

"நூலால கட்டறேன் சாமி. கத்தாதீங்க. காது போன படத்தையே இன்னிக்குப் பாத்துட்டேன், என் காதாவது மிச்சம் இருக்கட்டும்."

தன்னையறியாமல் அவர் சிரித்துவிட்டார். உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். அவளுக்கு அது போதுமாக இருந்தது, போதாமலும் இருந்தது.

ஒரு நடை என்று தொடங்கியது பல நடை ஆயிற்று. வேன் டிரைவர் மூச்சு வாங்க, "நூறு வருஷத்துச் செய்தி இவ்வளவு கனமா இருக்கும்னு தெரியாதுங்க" என்றார். நூலகத்து அம்மாவே இரண்டு கட்டைச் சுமந்தார். கிளம்பும்போது கடைக்காரம்மாவின் கையைப் பிடித்து, அந்த பைண்டர் எங்கெங்கே புத்தகம் கொடுத்தார் என்று கேட்டு வைத்தால் நல்லது, முதுகைப் பிரித்து அட்டைத் தாளை நனைத்து எடுக்க எங்களிடம் ஆள் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார். மாடி அறையில் வெள்ளைச் சட்டைகளின் காலடியில், போர்களும் முடிசூட்டு விழாக்களும் ஆகாயக் கப்பல்களும் பாலிதீன் உறைக்குள் வரிசையாக நின்றன.

வீட்டு அறை காலி.

கடைக்காரம்மா ஈரத்துணியால் சுவரைத் துடைத்தாள். கூரையைத் துடைத்தாள். ஜன்னல் கம்பியை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். மூன்று தரம் தண்ணீர் மாற்றினாள். மூன்றாவது வாளித் தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவாகவே இருந்தது. இருமினால் எதிரொலித்தது. தொட்டிலை இந்த மூலையில் போடலாம், வெயில் முகத்தில் விழாது. மகளின் கட்டிலை அதற்கு ஒட்டினாற்போல்.

ஏதோ இன்றைக்கு ஒரு காரியமாவது ஒழுங்காக நடந்தது என்று முதுகை நிமிர்த்தியபோது போன் அடித்தது. மகள்.

"சொல்லு பாப்பா. அறை ரெடி. சுவரை நக்கினாகூடத் தூசி ஒட்டாது. நாளைக்கு எத்தனை மணிக்கு..."

"அம்மா, அவசரம் இல்லம்மா. மெதுவாப் பண்ணுங்க."

"என்ன மெதுவா? அதான் ஆயிடுச்சுன்னு சொல்றேனே. எல்லாம் கடைக்குப் போயாச்சு."

பின்னணியில் குழந்தை ஏதோ மழலையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

"எப்படிம்மா? அப்பா நேத்து போன் பண்ணி, ஒரு வருஷம் குறையுது, தெரிஞ்சா நூலகத்துல எடுத்துக்க மாட்டாங்க, வேற இடம் பாக்க இன்னும் ஒரு மாசமாவது ஆகும், அம்மாகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கறேன்னாரே. உங்ககிட்ட சொல்லலையா?"

கடைக்காரம்மா கையிலிருந்த ஈரத்துணியை வாளிக்குள் விட்டாள்.

"நீ என்ன பண்ணின?"

"குழந்தையைத் தூசில எப்படிம்மா வச்சுக்கறது? ஆபீசுல ஒரு மாசம் கேட்டுப் பாத்தேன், முடியாதுன்னுட்டாங்க. அதான் காலைல... வேலை வேண்டாம்னு எழுதி அனுப்பிட்டேன்."

"பதில் வந்துச்சா?"

"இன்னும் இல்லை. சனிக்கிழமைல்ல."

"வரலைல்ல? அப்ப முதல்ல மூட்டையைக் கட்டு."

"அம்மா, வேலையே இல்லாம அங்க வந்து..."

"வேலை இருக்கோ இல்லையோ, அறை இருக்கு. நாளைக்கு நீ வர. மிச்சத்தை நான் பாத்துக்கறேன். வை."

வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம். மெக்கானிக், கடை மாடியைப் பூட்டிவிட்டு, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, உடம்பெல்லாம் பழுப்புப் பொடியாக வந்து நின்றார். நாளெல்லாம் சொல்ல முடியாமல் போனதைச் சொல்லிவிட இதுதான் சமயம் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"யாரு, பாப்பாவா? நானே உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு காலைலேர்ந்து..."

"சொல்லுங்க" என்றாள் கடைக்காரம்மா. "இப்ப சொல்லுங்க. நான் நடுவுல ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

ஈரம் காயாத அந்த வெற்றறையில் அவளுடைய அமைதியைக் கண்டு, வாசற்படியைத் தாண்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் மெக்கானிக் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றார்.